பஸால் கொடுத்த வாக்கு

பஸால் வாய் திறந்தால் கல்முனை பஸ் நிலையத்து இரைச்சல் அடங்கிவிடும் என்று நாங்கள் பகிடி பண்ணுவோம். விவசாயிகளுக்கு வெளிநாட்டுத் தண்ணீர்ப் பம்ப் விற்பது அவன் தொழில். டீசல் பம்ப். விலை பெரியதுதான். ஆனால் அதைச் செய்யும் நாட்டின் ஏற்றுமதிக் கடன் நிறுவனம், அதாவது அந்த நாட்டு அரசே, கடனுக்குப் பொறுப்பு நின்றது. அதனால் அறுவடைக்கு அறுவடை கட்டினால் போதும். சோலார் பம்ப் பற்றி யாராவது கேட்டால், "மேகம் வந்தா அது படுத்திரும்" என்று சிரித்தே அனுப்பிவிடுவான்.

தம்பிலுவில் ஊர்க் கதிர்காமனுக்குக் கடற்கரையோரம் கச்சான் தோட்டம், அதாவது நிலக்கடலை. "வாற மாசம் பம்ப் உங்கட தோட்டத்தில நிக்கும் அண்ணன்" என்று அவருக்கு அடித்துச் சொல்லிவிட்டு வந்தான் பஸால். இன்ஷா அல்லாஹ் சேர்க்கவில்லை. வியாபாரி அதைச் சொன்னால் சாமான் பிந்தும் என்று ஆட்கள் எடுத்துக்கொள்கிறார்களாம். மனைவி ஸுஹைறா விடவில்லை.

"அல்லாஹ்ட நாட்டம் இல்லாம கப்பல் வந்திருமா? என்ன மனுசன் நீங்க!"

பஸால் சிரித்துச் சமாளித்தான். அந்த மாதம் முடியுமுன் பம்ப் கம்பனியின் கொழும்பு அலுவலகத்திலிருந்து போன் வந்தது. பூமி சூடாவதைக் குறைப்பதாக அந்த நாடு உலகத்துக்கு உறுதி கொடுத்திருக்கிறது. ஆகவே எண்ணெய் எரிக்கும் இயந்திரங்களுக்கு இனிக் கடன் பொறுப்பு இல்லை, முழுப் பணமும் கட்டினால்தான் டீசல் பம்ப். சோலாருக்கு உண்டு. ஆனால் அது கப்பலேற மாதக்கணக்காகும்.

வேறொருவன் என்றால் போனை நிறுத்திவிட்டு ஒளிந்திருப்பான். பஸால் நேரே தம்பிலுவிலுக்குப் போனான். அந்த அளவுக்கு நல்லவன்தான்.

அங்கே தோட்டம் முழுக்கக் கச்சான் முளைத்து நின்றது. மற்ற வருடங்களில், வாளியால் அள்ளி ஊற்றக்கூடிய பாதி நிலத்தில் மட்டுமே கதிர்காமன் நடுவார். பஸால் விசயத்தைச் சொன்னான்.

"அவங்க செய்யிறது பிழையில்ல தம்பி," என்றார் கதிர்காமன். "என்ட தென்னை வரிசையக் கடல் கொண்டு போனதக் கண்ணால கண்டவன் நான். ஆனா உங்கட சொல்ல நம்பித்தானே இந்தமுறை முழுக்கப் போட்டன்."

பஸாலுக்கு வெட்கம் தாங்க முடியவில்லை. நின்ற இடத்திலிருந்தே கொழும்புக்குப் போன் எடுத்தான்.

"நிப்பாட்டுறது நல்லம் சேர். ஆனா ஒண்டக் குடுத்திட்டு மத்தத நிப்பாட்டுங்க. நடுவுல நிக்கிறவன் என்ன செய்யிற?"

எனக்கும் இந்த இடத்தில்தான் கோபம் வருகிறது. பெரிய மேசைகளில் நல்ல முடிவுதான் எடுக்கிறார்கள். கச்சானுக்கு எப்போது தண்ணீர் வேண்டும் என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

அலுவலகத்தில் காட்சிக்கு வைத்திருந்த சோலார் பம்ப் ஒன்று இருந்தது. பஸால் கெஞ்சினான், சண்டை பிடித்தான், கடைசியில் மாதிரித் தோட்டம் போடப்போவதாகச் சொல்லி லொறியில் அதை ஏற்றிக்கொண்டு வந்தான். பூட்டி முடித்தபோது பாதிக் கச்சான் கருகியிருந்தது. தண்ணீர் நன்றாகவே வந்தது. கதிர்காமனின் மனைவி வல்லியம்மை மண்ணை வெட்டி, பச்சை நின்ற பக்கத்துக்கு மட்டும் வாய்க்காலைத் திருப்பினாள்.

தண்ணீர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே கதிர்காமன் கேட்டார்:

"இதையும் எப்ப நிப்பாட்டுவாங்க தம்பி?"

அவர் நக்கலுக்குக் கேட்கவில்லை. அடுத்த போகத்துக்கு எவ்வளவு நிலத்தில் நடலாம் என்று அறியத்தான் கேட்டார்.

"தெரியா அண்ணன்," என்றான் பஸால்.