மோளி ஈப்பன் எடுக்க மறுத்த பக்கம்

கொச்சியில் ஏழாவது மாடியில் இருந்த தன் இணைய விளம்பர அலுவலகத்தில் டோஜோ காபி கொண்டுவரச் சொன்னபோது மோளி ஈப்பன் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். காபியைக் குடித்துவிட்டால் அப்புறம் திட்ட வாய் வராது.

அவள் திருவல்லாவில் இன்சூரன்ஸ் ஏஜென்ட். கணவன் ஈப்பன் மஸ்கட்டில் இருந்த காலத்தில் தொடங்கிய வேலை. அவன் திரும்பி வந்து தோட்டத்தில் ஜாதிக்காய் பொறுக்கத் தொடங்கிய பிறகும் அவள் விடவில்லை. ஊரில் பாதிப் பேர் வெளிநாட்டில் இருந்தார்கள், அங்கிருந்தே கூகுளில் தேடி ஏஜென்ட்டைப் பிடித்தார்கள். அதற்காக ஒரு வெப்சைட் போட்டு, அதைத் தேடலில் முதல் பக்கத்துக்குக் கொண்டுவரும் வேலையை டோஜோவிடம் ஒப்படைத்திருந்தாள். கொஞ்ச நாள் முதல் பக்கத்தில் இருந்தது. பிறகு காணாமலே போய்விட்டது. தன் பெயரைப் போட்டுத் தேடினால்கூட பெங்களூரில் கேக் செய்கிற வேறொரு மோளிதான் வந்து நின்றாள்.

"கூகுள் விதியை மாத்திட்டான் சேச்சி. நாங்க என்ன பண்றது?" என்றான் டோஜோ.

"அது இருக்கட்டும். நீ எனக்கு என்ன பண்ணே? அதை முதல்ல சொல்லு."

அவன் சொன்னான். மற்ற வெப்சைட்டுகள் 'இந்தப் பக்கத்தைப் பாருங்கள்' என்று லிங்க் போட்டுக் கைகாட்டினால்தான் கூகுள் மதிக்கும். அப்படிப்பட்ட லிங்குகளை அவன் மொத்த விலைக்கு வாங்கி மாட்டியிருந்தான். மோளி கம்ப்யூட்டர் திரையைத் தன் பக்கம் திருப்பினாள். ஒன்று சூதாட்ட சைட். இன்னொன்று ஏதோ புரியாத மொழியில் தலைமுடி எண்ணெய் விற்றது.

"எனக்குச் சிபாரிசு பண்ண சூதாட்டக்காரன்தான் கிடைச்சானா உனக்கு?"

"இன்னும் கொஞ்சம் செலவு பண்ணா நல்ல சைட்டா வாங்கிடலாம். சும்மா யாரு கொடுப்பா சேச்சி? திருவல்லாவுல ஒரு ஏஜென்ட்டுக்கு?"

"கொடுப்பாங்க," என்று எழுந்தாள் மோளி. "நீ வாங்கினதையெல்லாம் ஒண்ணு விடாம எனக்கு அனுப்பிவை. உன் சகவாசம் இன்னையோட முடிஞ்சுது."

அந்தச் சைட்டுகளுக்கெல்லாம் எழுதி லிங்கை எடுக்கச் சொன்னாள். பதிலே போடாதவர்களின் லிங்குகளைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று கூகுளுக்குத் தெரிவித்தாள். அடுத்து, மனிதர்கள் தாமாக விரும்பிக் கைகாட்டும்படி என்ன வைத்திருக்கிறோம் என்று யோசித்தபோது அவளுக்கே வெட்கமாக இருந்தது. சைட் முழுக்க அவளுடைய சிரித்த முகமும் கம்பெனியின் விளம்பரமும்தான்.

மழைக்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. மணிமலை ஆறு ஏறினால் திருவல்லாவில் என்ன நடக்கும் என்பது அவளுக்கு மனப்பாடம். கார் முற்றத்தில் முங்கும். நீர் வடிந்ததும் மனிதன் பதறிப்போய் சாவியைத் திருகுவான். உள்ளே போன தண்ணீரோடு எஞ்சின் உடைந்து போகும். 'ஓடுகிறதா என்று நீங்களே சோதித்ததால் வந்த சேதம், தர முடியாது' என்று கம்பெனி கையை விரிக்கும். பாலிசியில் சின்ன எழுத்தில் இருந்த அந்தச் சங்கதியை அவள் மலையாளத்தில் பளிச்சென்று எழுதினாள். தலைப்பு: வெள்ளத்தில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள். எப்படிப் போட்டோ எடுப்பது, யாருக்கு முதலில் போன் செய்வது, எஞ்சினுக்கென்று தனியாக என்ன பாதுகாப்பு சேர்க்கலாம், என்னென்ன காரணம் சொல்லிப் பணத்தை மறுப்பார்கள் என்று எல்லாவற்றையும் அதில் போட்டாள்.

முதலில் வொர்க்‌ஷாப்காரர்கள் சங்கத் தலைவர் தங்கச்சனிடம் போனாள். சங்கத்துக்கு ஒரு வெப்சைட் இருந்தது, அதில் தன் பக்கத்துக்கு லிங்க் கேட்டாள். தங்கச்சன் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"எல்லாரும் நீ சொல்றபடி கேட்டா என் பொழப்பு என்னடி ஆகுறது?"

"காசு வராதுன்னு தெரிஞ்சதும் வண்டியை உங்க ஷெட்லயே போட்டுட்டு ஓடிட்டானே, அவன் வந்து உங்க பொழப்பைப் பார்ப்பானா?"

ஷெட்டுக்குப் பின்னால் அப்படி விட்டுப்போன கார்களைக் கோவைக்கொடி மூடிக் கிடந்தது. தங்கச்சன் அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சிரித்தார். "வாய் உனக்கு. சரி, போடறேன். ஆனா பேட்டரி வயரைக் கழட்டறதைப் பத்தி ஒண்ணும் எழுதாம விட்டிருக்கே. அதையும் சேர்த்துக்கோ."

சர்ச் வெப்சைட்டில் விளம்பரத்துக்கு இடமில்லை என்றார் பாதிரியார் அச்சன். மோளி வீட்டுக்கு வந்து, அந்தப் பக்கத்திலிருந்த 'பாலிசிக்கு என்னை அழையுங்கள்' என்ற வரியையும் தன் படத்தையும் எடுத்தாள். பெயர் மட்டும் அடியில் இருந்தது.

ஈப்பனுக்குப் பொறுக்கவில்லை. "எடீ, கடை போர்டைக் கழட்டிட்டு எவளாவது வியாபாரம் பண்ணுவாளா?"

"நான் பண்றேன் இச்சாயா. நீங்க ஜாதிக்காயைப் பாருங்க."

அச்சன் லிங்க் கொடுத்தார். கல்லூரிச் சேவைக் குழு கொடுத்தது. ஒரு பத்திரிகையின் இணையப் பதிப்பு பத்துமுறை நடக்கவைத்து, கடைசியில் கைவிரித்தது. ஒரு டிராவல்ஸ்காரர் நாயை அவிழ்த்துவிடாத குறையாக விரட்டினார். மோளி ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டு அடுத்த இடத்துக்குப் போனாள்.

இதற்குள் அந்தப் பக்கம் அவளுடைய இன்சூரன்ஸ் கம்பெனியின் கிளை மேலாளர் கண்ணில் பட்டுவிட்டது. வினோத் பணிக்கர் என்ற அந்த மனிதர் அவளை வரச்சொன்னார்.

"பணத்தை மறுக்கிற காரணத்தையெல்லாம் பட்டியல் போட்டு வைக்கறீங்களே, நீங்க எங்க ஏஜென்ட்டா, எதிர்க்கட்சியா?"

"அதுல பொய் ஏதாவது இருக்கா சார்?"

"பொய், உண்மை பேச்சே இல்லை. இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள எடுத்துடுங்க."

"உங்க பாலிசியில அச்சடிச்சதைத்தான் நான் பெரிய எழுத்துல போட்டேன். அங்க எடுத்துட்டீங்கன்னா இங்கயும் எடுத்துடறேன்."

"ஏஜென்சியே போயிடும் மேடம்."

"போகட்டும் சார். காரணத்தை மட்டும் எழுத்துல கொடுங்க. அதையும் அதே பக்கத்துல போட்டுக்கறேன்."

வெளியே வந்தாள். எதிரிலிருந்த தட்டுக்கடையில் ஒரு பருப்புவடை வாங்கித் தின்றாள். பயம் போகவில்லை, பசி போயிற்று. பக்கத்தை அவள் எடுக்கவில்லை. எழுத்தில் எதுவும் வரவுமில்லை. வந்ததெல்லாம் ஓணத்துக்கான ஏஜென்ட்டுகள் விருந்துக்கு அவளை அழைக்காத அவமானம்தான். சக ஏஜென்ட்டுகள் சிலர் வழியில் கண்டால் செல்போனைப் பார்த்தபடி கடந்து போனார்கள்.

அந்த வருடம் ஆறு ஏறியது. நெடும்புறத்தில் ஒருவர் சாவியைத் தொடுமுன் கூகுளில் தேடிப்பார்த்தார். அவர் அந்தப் பக்கத்தை வாட்ஸப்பில் சுற்றவிட, பஞ்சாயத்துகள் தங்கள் வெப்சைட்டில் எடுத்துப் போட்டன. முன்பு நடக்கவைத்த அதே பத்திரிகை, இம்முறை கேட்காமலே லிங்க் கொடுத்தது. நீர் வடிந்தபோது, திருவல்லாவில் இன்சூரன்ஸ் என்று தேடுகிறவர்களுக்கு முதல் பக்கத்தில் மோளி நின்றாள். அவளுக்கு மேலே பெரிய ஆன்லைன் கம்பெனிகள் இருந்தன. அவர்களை அவளால் அசைக்க முடியவில்லை. ஆனால் குவைத்திலிருந்தும் டப்ளினிலிருந்தும் அவளுக்கு அழைப்புகள் வந்தன.

மும்பையிலிருந்தும் ஒன்று வந்தது. கம்பெனியின் தலைமை அலுவலகத்துப் பெண், தேனொழுகப் பேசினாள்.

"மேடம், உங்க பக்கம் பிரமாதம். அதை அப்படியே எங்க சைட்ல போட்டுக்கறோம்."

"என் பேரோடவா?"

"இல்ல, கம்பெனி பேர்லதான் வரும். நீங்க உங்க சைட்லேர்ந்து எடுத்துடணும்."

"கிளை மேலாளர் எடுங்கன்னாரு, நீங்களும் எடுங்கங்கறீங்க. எடுக்க மாட்டேன். அவ்வளவு பிடிச்சிருந்தா ஒரு லிங்க் கொடுங்க."

"அதுக்கு எங்க கொள்கையில இடமில்லை மேடம்."

"அப்படின்னா எனக்கும் இடமில்லை மகளே," என்று வைத்துவிட்டு, ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள். வீட்டுச் சுவரில் ஈரம் ஏறினால் எந்தக் கம்பெனி எப்படியெல்லாம் கைகழுவும் என்று அடுத்த பக்கம் எழுதிக்கொண்டிருந்தாள். அதற்கு ஒரு கொத்தனாரைப் பார்க்க வேண்டியிருந்தது.