நாய்க்குக் காது கேட்க வேண்டும்

அந்த நாய் படலையைத் தாண்டி உள்ளே வருமுன் அதன் காது நாற்றம் வந்துவிடும். புளித்த கள்ளும் அழுகின மீனும் சேர்ந்த வாடை. தலையை ஒரு பக்கம் சரித்து, காதை நிலத்தில் தேய்த்துத் தேய்த்து முனகும். எனக்கு நாய் என்றாலே ஆகாது. அக்காவின் வீடும் என் வீடும் ஒரே வளவுக்குள் இருந்ததால் சகித்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

அது அக்காவின் ஒரே மகன் வளர்த்த நாய். சுனாமி அடித்த கையோடு கடற்கரைப் பக்கம் இடிபாடு அகற்றப் போனவன், சாரத்துக்குள் ஒரு குட்டியைச் சுற்றிக்கொண்டு வந்தான். உப்புக் காய்ந்து அதன் மயிரெல்லாம் விறைத்துக் கிடந்தது.

“இதுக்கு ஆருமில்ல சின்னம்மா,” என்றான்.

“மனிசருக்கே சோறில்லாத நேரம், உனக்கு நாய் கேக்குதோ?” என்று ஏசினேன். அவன் பாட்டுக்குச் சிரித்துக்கொண்டு என் வீட்டுப் பாலைத்தான் எடுத்து ஊற்றினான்.

பிறகு சண்டை எங்கள் படுவான்கரைக்கும் வந்தது. நாங்கள் வாவியைக் கடந்து அகதி முகாமுக்குப் போனோம். நாயைக் கூட்டிப்போக வழியில்லை. அங்கிருந்து ஒருநாள், “மாட்டையும் நாயையும் பாத்திட்டு வாறன்” என்று அவன் கிளம்பிப் போனான். வரவில்லை. நாங்கள் ஊர் திரும்பியபோது மாடும் இல்லை, அவனும் இல்லை. எலும்பும் தோலுமாய் இந்த நாய் மட்டும் வாசலில் நின்றது. அவனைத் தேடி அக்கா ஏறி இறங்காத அரசாங்கக் கந்தோர் கிடையாது. ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

வடக்கிலும் சண்டை முடிந்த பிறகு, தடுப்பு முகாம்களில் இருந்த பிள்ளைகள் ஒவ்வொருவராய் வீடு வருகிறார்கள் என்று ஊரில் கதை பரவியது. அக்காவுக்கு உயிர் வந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் நாயின் காது இப்படி ஆனது. பின்னால் நின்று கூப்பிட்டால் திரும்பாது. படலை கிறீச்சிட்டாலும் எழும்பாது.

“அவன் வந்தா இதுக்குத்தான் முதல்ல கேக்கும். ஒழுங்கையில வரக்குள்ளயே கேக்கும். இதுக்குக் காது போனா எனக்கு ஆருகா சொல்லுற?” என்று அக்கா கேட்டாள்.

ஊரில் ஆளுக்கொரு மருந்து சொன்னார்கள். அக்கா உள்ளிப்பூண்டைத் தட்டித் தேங்காய் எண்ணெயில் காய்ச்சி ஊற்றினாள். காது இன்னும் வீங்கியது. மண்ணெண்ணெய் ஊற்று, புழு இருந்தால் சாகும் என்று ஒருத்தி சொன்னாள். “உன்ட காதுக்குள்ள ஊத்திப் பாத்திட்டு வந்து சொல்லு” என்று அவளை அனுப்பிவிட்டு, நாயைச் சாக்கில் சுற்றி, முச்சக்கர வண்டியில் ஏற்றி, மாட்டு டாக்குத்தரிடம் கொண்டுபோனேன். நான்! நாய் ஆகாத நான்!

அவர் காதுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். வலது காது சந்தேகம், இடதைக் காப்பாற்றலாம் என்றார். கழுவ ஒரு போத்தல், விட ஒரு சின்னப் போத்தல் தந்தார். குச்சி விடக்கூடாது. எண்ணெய் கூடாது. காது காய்ந்து இருக்க வேண்டும், தண்ணீரில் இறங்கவே விடக்கூடாது. அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

அடுத்த நாள் காலை அக்கா கால்களை நீட்டி முற்றத்தில் உட்கார்ந்து, நாயின் தலையை மடியில் அமர்த்திப் பிடித்தாள். பழைய சீலைத் துண்டால் வாயைக் கட்டினோம். மருந்துப் போத்தலைக் கைக்குள் வைத்துச் சூடேற்றி, காது நிறைய விட்டு, அடிக்காதை வெளியிலிருந்து பிசைந்தேன். சளக் சளக்கென்று சத்தம். கையை எடுத்ததுதான் தாமதம், நாய் தலையை உதறியது பாருங்கள்! கறுப்பு ஊத்தையெல்லாம் என் மூக்கிலும் வாயிலும்.

“சனியன்! மூதேவி!” என்று கத்தினேன்.

“கத்தாதகா, அது பயப்பிடும்,” என்றாள் அக்கா.

“காது கேக்காத நாய்க்குக் கத்தினா என்ன, கத்தாட்டி என்ன?”

வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அக்காவின் முகம் செத்துப் போயிற்று. நான் பஞ்சை விரலில் சுற்றி, வெளியே வந்த ஊத்தையை மட்டும் துடைத்து, சொட்டு மருந்தை விட்டேன். அதன் பிறகு காது துடைக்கும்போது நான் வாய் திறப்பதேயில்லை.

மருந்து விடுவதுகூடப் பெரிய பாடில்லை. தண்ணீரில் இறங்காமல் பார்ப்பதுதான் பெரும்பாடு. தோணி கரைக்கு வந்தால் நெஞ்சளவு தண்ணீரில் இறங்கி மீனுக்கு நிற்கும் நாய் அது. மாமரத்தில் கட்டிப் போட்டோம். ஊளையிட்டே உயிரை வாங்கியது. ஒருநாள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடி வாவிக்குள் பாய்ந்துவிட்டது. மறுகா காது பழையபடி நாறியது. அக்கா தலையில் கைவைத்து அழுதாள். எனக்கும் அழுகை வந்தது, நாய்க்காக என்று சொன்னால் பொய். திரும்பவும் முதலிலிருந்து தொடங்கினோம்.

மெல்ல மெல்ல நாற்றம் போனது. வீக்கம் வற்றியது. நான் மருந்தோடு வந்தால் தானாகவே அக்காவின் மடியில் வந்து தலையை வைத்தது. சொன்னால் சிரிப்பீர்கள், அதற்கு நான் மீன்தலை எடுத்து வைக்கவும் தொடங்கியிருந்தேன்.

ஒரு பின்னேரம் அக்கா கோழிக்கூட்டுக்குப் பின்னாலிருந்து மகனின் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தாள். துடைத்து, காற்றும் அடித்து வைத்திருந்தாள்.

“ஒழுங்கை முனைக்குக் கொண்டுபோய் உருட்டிக்கிட்டு வாகா. இதுக்குக் கேக்குதா எண்டு பாப்பம்.”

முனையிலிருந்து சைக்கிளை உருட்டினேன். செயின் உறை ஒரு பக்கம் தட்டி, அவன் வரும்போது அடிக்கிற மாதிரியே டக் டக்கென்று அடித்தது. பாதித் தூரம்கூட வரவில்லை. நாய் படலைக்குக் கீழால் நுழைந்து, காதைப் பின்னால் மடித்து, உடம்பெல்லாம் வாலாக ஓடி வந்தது. அப்படி அது கத்தி நான் கேட்டதேயில்லை.

“கேட்டுட்டு! அதுக்குக் கேட்டுட்டு!” அக்கா கைதட்டிக்கொண்டு பின்னால் ஓடி வந்தாள்.

நாய் சைக்கிளை மணந்து பார்த்தது. ஆசனத்தை மணந்து பார்த்தது. நிமிர்ந்து என்னைப் பார்த்தது. பிறகு என்னைத் தாண்டிப் போய், ஒழுங்கை நடுவில் நின்று, தெருவின் அந்தப் பக்கத்தையே பார்த்தது. வால் ஆடிக்கொண்டேயிருந்தது. கூப்பிட்டோம், வரவில்லை.

அக்காவின் கைதட்டல் நின்றது. போய் அதன் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்து, கழுத்தைக் கட்டிக்கொண்டாள். மகன் வரமாட்டான் என்று ஜாடையாய்ச் சொன்னவர்களைக்கூட அவள் வளவுக்குள் விட்டதில்லை.

“அவனில்லடா,” என்றாள் நாயின் காதுக்குள். “அவனில்ல. சின்னம்மாதான்டா.”