பூமிக்கடியிலிருந்து ஒரு ‘வரேன்’

பினாங்கு விமான நிலையத்தை ஒட்டிய பாயான் லெப்பாஸில் எங்கள் அலுவலகத்துக்கு ஜன்னல்கள் உண்டு. ஆனால் திரைகளில் வெளிச்சம் விழுந்து கண் கூசுகிறது என்று எப்போதும் அடைத்தே வைத்திருப்போம். விமானம் இறங்கும்போது கண்ணாடி மட்டும் அதிரும். அந்த அறைக்குள் உட்கார்ந்துகொண்டு, நாங்கள் ஒருநாளும் கால் வைக்காத சுரங்கங்களுக்குள் யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பதுதான் என் வேலை. கல்யாண வீடுகளில் யாராவது கேட்டால் “கம்ப்யூட்டர் வேலை” என்று சொல்லி நகர்ந்துவிடுவேன். சுரங்கம் என்று வாயைத் திறந்தால் போதும், தங்கம் மலிவாகக் கிடைக்குமா என்று கேட்க நாலு பேர் சூழ்ந்துவிடுவார்கள்.

வேலையில் சூட்சுமம் ஒன்றும் இல்லை. சுரங்கத்துக்குள் இறங்கும் ஒவ்வொருவருடைய தலைவிளக்கிலும் பொத்தான் அளவுக்கு ஒரு வில்லை இருக்கும். சுவர்களில் அங்கங்கே பொருத்திய கருவிகள் அந்த வில்லையை அடையாளம் கண்டு எங்களுக்குச் சொல்லும். எங்கள் திரையில் ஆள் ஒரு பச்சைப் புள்ளி. விஷவாயு, புகை, சூடு எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கருவி. பெரிய காற்றாடிகளைக்கூட உட்கார்ந்த இடத்திலிருந்தே திருப்பலாம். கையில் இருக்கும் பேசியில் ஆட்கள் எந்த மொழியில் பேசினாலும், அது ஆங்கிலமாகி, எழுத்தாகி, சுரங்கத்தின் கட்டுப்பாட்டு அறையில் வந்து விழும். வாடிக்கையாளர்களுக்குக் காட்டும்போது எங்கள் மேலாளர் அதிகம் பீற்றிக்கொள்வது இதைத்தான்.

மேலாளர் சீனர். நல்ல மனிதர், ஆனால் இயந்திரம் சொன்னால் வேதவாக்கு. அலுவலகத்தில் தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்தி என்பதால் இயந்திரத்தின் தமிழைச் சரிபார்ப்பது என் தலையில் விழுந்தது. பூமிக்கடியில் யார் தமிழ் பேசினாலும் அந்தக் குரல் என் மேசைக்கும் ஒருமுறை வரும். அப்படி வந்து என் உயிரை வாங்கியவன் என் தம்பி.

ஜுருவில் கொன்டேனர் லோரி ஓட்டிக்கொண்டிருந்தவன். அந்த வேலை போய்ச் சும்மா வீட்டில் கிடந்தான். பிறகு அவனாகவே ஒரு சுரங்கத்தில் வண்டி ஓட்டும் வேலையைப் பிடித்துக்கொண்டு வந்தான். மலைக்குள் சரிவாக இறங்கிப் போகும் சுரங்கம் அது. ஊர்ப்பெயர் எதற்கு? பினாங்கிலிருந்து பஸ்ஸில் போனால் இடுப்பு ஒடியும் தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கேயும் எங்கள் கருவிகள்தான். “அக்கா பாத்துக்கிட்டே இருப்பல்ல, எனக்கென்ன பயம்?” என்றான். அம்மாவிடம் மலைப்பக்கம் லோரி வேலை என்று மட்டும் சொன்னோம். பூமிக்கடியில் என்று தெரிந்திருந்தால் ஜெலுத்தோங் வீட்டு வாசலில் குறுக்கே படுத்திருப்பார்.

சேர்ந்த புதிதில் அந்தப் பேசியில் தமிழில் பேசி என்னைச் சீண்டுவான். “அக்கா, பசியாறிட்டியா?” என்பான். இயந்திரம் அதை, உன் பசி சூடு தணிந்துவிட்டதா என்கிற மாதிரி ஆங்கிலத்தில் எழுதி வைக்கும். சுரங்கத்திலிருந்து போன் போட்டு இது என்ன ரகசியக் குறிப்பா என்று கேட்பார்கள். ஒருநாள் பிடித்துக் காய்ச்சி எடுத்துவிட்டேன். “உன் வேலையும் போகும், என் வேலையும் போகும்டா, வாய மூடு” என்றேன். அதன்பிறகு மலாய்தான் பேசினான்.

அன்று மத்தியானம் சாப்பாடு முடிந்து வந்து உட்கார்ந்திருந்தேன். வெளியே நல்ல மழை. தம்பி வேலை செய்த சுரங்கத்தில் புகை காட்டும் கருவிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சிவந்தன. சரிவுப் பாதையில் ஒரு லோரி தீப்பிடித்துவிட்டது. உள்ளே இருந்த எல்லோருக்கும் பாதுகாப்பு அறைக்குப் போகும்படி செய்தி போனது. அவை இரும்பில் செய்த அறைகள். கதவைச் சாத்திக்கொண்டால் உள்ளே காற்றும் தண்ணீரும் இருக்கும். சரிவின் மேல்பக்கம் ஒன்று, கீழ்பக்கம் ஒன்று. பச்சைப் புள்ளிகள் இரண்டு பக்கமும் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தன. எங்கள் கருவி சொன்னபடி வேலை செய்கிறது என்று மேலாளர் முகத்தில் ஒரு பெருமைகூட வந்தது. எனக்கும் கொஞ்சம் வந்தது, பொய் சொல்வானேன்.

ஒரே ஒரு புள்ளி மட்டும் சாம்பல் நிறமானது. அதன் எண் எனக்கு மனப்பாடம்.

தீயில் கம்பி எரிந்து அந்தப் பக்கத்துக் கருவிகள் பாதி செத்துவிட்டன. சாம்பல் நிறம் என்றால் ஆளைக் கடைசியாக இங்கே பார்த்தோம், இப்போது தெரியாது என்று அர்த்தம். அந்த நிறத்தைத் தேர்ந்தெடுக்க நாங்கள் கூட்டம் போட்டிருக்கிறோம். சிவப்பு பயமுறுத்தும், மஞ்சள் குழப்பும், சாம்பல்தான் கண்ணை உறுத்தாது என்று பிஸ்கட் தின்றுகொண்டே முடிவு செய்தோம். கண்ணை உறுத்தாத அந்த நிறத்திலிருந்து என்னால் கண்ணை எடுக்க முடியவில்லை.

புள்ளி நின்ற இடம் ஒரு பிரிவு முனை. அங்கிருந்து மேலே போனால் மேல் அறை, கீழே போனால் கீழ் அறை. அந்த முனையில் இருந்த கருவி மட்டும் முழுதாகச் சாவதற்குமுன் ஒருமுறை உயிர்பெற்றது. அதன் வழியாகத் தம்பியின் பேசியிலிருந்து ஒரு செய்தி வந்தது. ‘ஓகே, ஐ ஆம் கமிங்’ என்று திரையில் விழுந்தது. அத்தோடு அந்தக் கருவியும் செத்தது; அவனைத் திரும்பக் கூப்பிட வழியில்லை. சுரங்கத்தின் கட்டுப்பாட்டு அறையில் எல்லோரும் கைதட்டியது போனில் கேட்டது. வருகிறான், மேலே ஏறி வருகிறான்! மேலாளர் என் தோளைத் தட்டினார்.

நான் ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு குரலைப் போட்டுக் கேட்டேன். முதலில் இருமல். பிறகு, “சரி… வரேன்.”

அவ்வளவுதான். அவன் நம்மிடம் வருகிறேன் என்கிறானா, அல்லது கூட நின்ற யாரிடமோ விடைபெற்றுக்கொண்டு கீழே போகிறானா? நம் வீடுகளில் யார்தான் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள்? கடைக்குப் போகிறவனும் வரேன் என்கிறான், கப்பல் ஏறுகிறவனும் வரேன் என்கிறான். இவன் பள்ளிக்கூடம் போகும்போது ஒருநாள் வாய்தவறிப் “போறேன்” என்று சொல்லி, அம்மா திரும்பக் கூப்பிட்டு, தண்ணீர் குடிக்க வைத்து, ஒழுங்காகச் சொல்ல வைத்து அனுப்பியது எனக்கு நினைவிருக்கிறது.

“கைதட்டாதீர்கள்” என்று சொன்னேன். “அந்த வார்த்தைக்குப் போகிறேன் என்றும் அர்த்தம் உண்டு.”

மேலாளர் திகைத்துப் போய், “ஒரே வார்த்தைக்கு எப்படி வருவதும் போவதும் அர்த்தமாக இருக்க முடியும்?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். கிண்டல் இல்லை, உண்மையாகவே புரியாமல்தான் கேட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அவர் மேல், இயந்திரத்தின் மேல், அதைவிட அதிகமாகத் தமிழின் மேல். ஒரு சொல்லுக்குப் பயந்து செத்த நம் முன்னோர் அத்தனை பேர் மேலும் கோபம். போனால் போகிறேன் என்று சொல்லித் தொலைத்தால் என்ன குடிமுழுகிவிடும்!

சுரங்கத்தின் ஷிஃப்ட் தலைவர் மலாய்க்காரர், நிதானமானவர். அவர்தான் போனில் என்னை அழைத்தார்; ‘கக்’, அதாவது அக்கா என்றுதான் என்னைக் கூப்பிடுவார். தீ கண்டதும் காற்றாடிகளை நிறுத்தியிருந்தார்கள்; புகை முனையின் இரண்டு பக்கமும் தேங்கி நின்றது. அவன் மேலே வருகிறான் என்றால் காற்றாடியைத் திருப்பிப் புகையைக் கீழே தள்ளலாம். கீழே போகிறான் என்றால் மேலே இழுக்கலாம். இரண்டையும் ஒன்றாகச் செய்ய முடியாது. தவறான பக்கம் திருப்பினால் புகை நேராக அவன் முகத்துக்குத்தான் போகும்.

“கக், உங்கள் தம்பி, உங்கள் மொழி” என்று மலாயில் கேட்டார். “மேலேயா, கீழேயா?”

பதிவான குரலைத் திரும்பப் போட்டுக் கேட்டேன். இருமல். சரி. ஒரு இடைவெளி. வரேன். அந்த இடைவெளியில் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். குரல் ஏறுகிறதா, இறங்குகிறதா? ஓடிக்கொண்டே பேசுகிறானா, நின்றுகொண்டா? கேட்கக் கேட்க எல்லாமாகவும் கேட்டது. பிறந்த நாள் முதல் என் காதில் விழுந்த குரல் அது. கூட்டத்தில் அவன் தும்மினால்கூட அவன்தான் என்று சொல்வேன். அதைக் கேட்டுக்கொண்டு கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் உட்கார்ந்திருந்தேன்.

அந்த நேரம் பார்த்து அம்மா போன் அடித்தார்.

“தம்பிக்கு அடிச்சேன், எடுக்க மாட்றான்லா. தூங்குறானா?”

“வேலையில இருப்பான்மா.”

“சரி, வர்றப்ப பாசார்ல கெம்போங் மீன் நல்லா இருந்தா வாங்கிட்டு வா. அவன் லீவுல வரப்ப பொரிச்சுக் குடுக்கலாம், பிரிஜ்ல வச்சுக்கலாம்.”

“சரிம்மா” என்றேன்.

ஷிஃப்ட் தலைவர் மறுபடி கேட்டார். ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள் கக், உங்களுக்குத் தெரியாவிட்டால் இங்கே யாருக்குமே தெரியாது என்றார். அவர் குரலிலும் கெஞ்சல் வந்துவிட்டது. மேலே என்று சொல்ல வாய் எடுத்தேன். கீழே அறையில் வேறு ஆட்கள் இருந்தார்களே, அவர்களில் யாரையாவது பார்க்கப் போயிருப்பானோ என்று தோன்றியது. அப்படிப்பட்டவன்தான் அவன். கீழே என்று சொல்ல நினைத்தால், புகை மூட்டிய சரிவில் அவன் மேலே ஏறிக்கொண்டிருப்பது கண்ணுக்குத் தெரிந்தது. இருமி இருமி ஏறுகிறான், நான் புகையை அவன் மேல் திருப்பிவிடுகிறேன்.

“தெரியாது” என்றேன். “எனக்குத் தெரியவில்லை.”

அவர் மேற்கொண்டு வற்புறுத்தவில்லை. பிறகு, “அப்படியானால் எதையும் தொட வேண்டாம். இருப்பது இருந்தபடியே இருக்கட்டும்” என்று அவர் மற்றவர்களிடம் சொன்னது கேட்டது. மீட்புக் குழு புகை குறைவதற்காக வாயிலில் காத்து நின்றது.

காத்திருப்பது என்றால் என்னவென்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. உலகத்தில் இருக்கும் கருவி எல்லாம் என் முன்னால் இருந்தன. வெப்பம் எவ்வளவு என்று தெரிந்தது, காற்று எந்த வேகத்தில் போகிறது என்று தெரிந்தது. தண்ணீர்மலை முருகனைக் கூப்பிட்டேன். ஆனால் அவரிடம் என்னவென்று கேட்பது? மேலே வருகிறவனைக் காப்பாற்று என்றா, கீழே போகிறவனைக் காப்பாற்று என்றா? அதற்கும் எனக்குத் துப்பில்லை. எங்கேயாவது இருப்பான், பார்த்துக்கொள் என்று மட்டும் சொன்னேன். மேலாளர் ஒரு குவளை மைலோ கொண்டுவந்து வைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். சற்றுமுன் அவரை மனத்துக்குள் திட்டியது எனக்கு உறைத்தது.

மழை விட்ட பிறகு போன் வந்தது. கண்டுபிடித்துவிட்டார்கள், மூச்சு இருக்கிறது.

பிரிவு முனைக்குப் பக்கத்தில், பாறையைக் குடைந்து பாதியில் விட்ட ஒரு பொந்து இருந்தது. இடுப்பில் கட்டியிருந்த மூச்சுப் பெட்டியை வாயில் மாட்டிக்கொண்டு, முழங்காலுக்கிடையில் தலையை வைத்து, அதில் உட்கார்ந்திருந்தானாம். மேலேயும் போகவில்லை, கீழேயும் போகவில்லை. காற்றாடியை எந்தப் பக்கம் திருப்பியிருந்தாலும் புகை அந்தப் பொந்தைக் கடந்துதான் போயிருக்கும் என்று ஷிஃப்ட் தலைவர் பிற்பாடு சொன்னார்.

அலுவலகத்தில் அதற்கு ஒரு கூட்டம் போட்டார்கள். உறுதியாகத் தெரியாதபோது தெரியாது என்று சொன்னதற்காக என்னைப் பாராட்டினார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். நான் எழுந்து கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். இரண்டில் எதைச் சொல்லியிருந்தாலும் கொன்றிருப்பேன். சொல்லத் தெரியாததால் பிழைத்தான். இதில் என் சாமர்த்தியம் எங்கே இருக்கிறது? அடுத்த முறை என்ன செய்வேன் என்று அந்தக் கூட்டத்தில் ஒருவரும் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து விட்டதும் வீட்டுக்கு வந்தான். தூசி ஒத்துக்கொள்ளாமல் இருமல் என்று அம்மாவிடம் சொன்னான். “லோரிக் கண்ணாடிய ஏத்தி ஓட்டுன்னு எத்தன தடவ சொல்றது” என்று அம்மா திட்டிவிட்டு மீன் பொரிக்கப் போனார். பொரித்துத் தந்த முதல் துண்டுகளோடு நாங்கள் இருவரும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தோம். கேட்கக் கூடாது என்றுதான் இருந்தேன். என்னால் முடியவில்லை.

“டேய், அன்னைக்கு வரேன்னு சொன்னியே. மேல வரேன்னு சொன்னியா, கீழ போறேன்னு சொன்னியா?”

“எங்கக்கா போறது? ஒண்ணுமே தெரியல. அங்கயே உக்காந்துட்டேன். மூச்சு டப்பாவும் தீந்துரும்னு நெனச்சேன்.”

“அப்புறம் எதுக்குடா வரேன்ன? அந்தாளு எங்கிட்ட மேலயா கீழயான்னு கேக்குறாரு, நான் செத்துப் பொழச்சேன்.”

அவன் அடுப்படிப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினான்.

“கொன்ட்ரோல் ரூமுக்குச் சொல்லணும்னா மலாய்ல சொல்லிருப்பேன்லாக்கா” என்றான். “தமிழ்ல சொன்னா உனக்குத்தான வரும்.”

அம்மா உள்ளேயிருந்து, இன்னொரு துண்டு மீன் வைக்கவா என்று கேட்டார். நான் என் தட்டிலிருந்த துண்டை எடுத்து அவன் தட்டில் வைத்தேன்.