நாலாம் லயத்து ஏழாம் காம்பராவின் பங்கு

1. மெஷின் ஓடிய நாள்

யட்டியாந்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் கிளாக்கராக இருந்தேன். தொண்ணூறுகளின் கடைசியில்கூட எங்கள் டிவிஷனில் கரண்ட் இல்லை. ஓடைக்கு அக்கரையில் இருந்த சிங்களக் கிராமத்திலும் இல்லை. இரண்டு பக்கத்தாரும் சேர்ந்து சங்கம் அமைத்து, ஓடையை மறித்து அணை கட்டி, சின்னதாக ஒரு ஹைட்ரோ மின்நிலையம் போட்டோம். குடும்பத்துக்கு முப்பது நாள் உழைப்புத் தர வேண்டும். தந்தவர்கள் எல்லோரும் பவர்ஹவுஸுக்குச் சம பங்குக்காரர்கள்; வீட்டுக்கு ஒரு இணைப்பு.

டர்பைன் சுற்றிய அன்று, "இது கம்பெனி கரண்டு இல்லடா, எங்க கரண்டு" என்று கங்காணி ஒருவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். லயம் என்கிற வரிசைவீட்டில் படுக்கிற ஒற்றையறைக் காம்பராகூடத் தோட்டத்துக்குச் சொந்தமான சனங்களுக்கு அது பெரிய பேச்சுதான்.

இரண்டு மொழியும் எழுதத் தெரிந்தவன் என்று என்னைச் செயலாளராக்கினார்கள். அங்கத்தவர் புத்தகம் முழுக்க என் கையெழுத்து.

2. லெட்சுமி வந்தார்

லெட்சுமி கொழுந்து எடுப்பவர். கணவர் இறந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. முப்பது நாளும் தனியாளாக அணைக்கு மணல் சுமந்தவர். கரண்ட் வந்து இரண்டு வருஷத்தில் வயது வந்துவிட்டதென்று வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அவர் வீட்டில் தோட்ட வேலை செய்ய வேறு ஆள் இல்லாததால், தோட்டத்தை நடத்தும் துரை அந்தக் காம்பராவைச் செல்வம் என்பவரின் குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார். லெட்சுமி அக்கரையில் தம்பியின் துண்டு நிலத்தில் தகரம் போட்டுக் குடியேறினார். பிறகு என் ஆபீஸுக்கு வந்தார்.

"ஐயா, என் கரண்ட அங்கிட்டு மாத்திக் குடுங்க. போஸ்ட்டு பக்கத்துலதான் இருக்கு."

"அது காம்பராவுக்குக் குடுத்ததும்மா. இப்ப அங்க செல்வம் இருக்காரே."

"மண்ணு சுமந்தது காம்பராவா, நானாங்க?"

புதிதாக ஒரு இணைப்பும் கொடுக்க முடியாது, மெஷின் தாங்காது என்று டர்பைன் பூட்டிய இஞ்சினியர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். செல்வத்திடம் போய்க் கேட்டேன்.

"நானாங்க கேட்டேன்? காம்பராவோட வந்துச்சு. ரெண்டு பிள்ளைங்க படிக்குதுங்க."

அவர் சொன்னதிலும் பிழை இல்லை.

3. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம்

சங்கத் தலைவர் குணபால முதலாளி, அக்கரையில் கடை வைத்திருப்பவர். புத்தகத்தில் உள்ளபடி தீர்ப்போம் என்று சொல்லிப் பக்கங்களைப் புரட்டினார். பிறகு என்னைப் பார்த்து, சிங்களத்தில் ஐயா என்பதற்கான 'மாத்தயா' போட்டுக் கேட்டார்.

"கிளாக்கர் மாத்தயா, எங்க பக்கம் எல்லாருக்கும் பேரு இருக்கு. ஒங்க பக்கம் நம்பர் மட்டும்தானே இருக்கு. ஏன் அப்பிடி?"

தோட்டத்தில் ஆளைச் சொல்வது அப்படித்தான். நாலாம் லயம் ஏழு என்றால் எனக்கு லெட்சுமி. கை பழகிப்போய் எழுதிவிட்டேன். ஆனால் புத்தகப்படி பங்குக்காரர் லெட்சுமி இல்லை, காம்பரா.

முதலாளி அடுத்த தாளைப் புரட்டினார். "ஆ, ஒரு பேரு இருக்கு. மாத்தயா பேரு."

என் குவார்ட்டர்ஸும் தோட்டத்துடையதுதான். அதன் கதவிலும் நம்பர் உண்டு. எனக்கு மட்டும் இனிஷியலோடு முழுப் பெயர் போட்டிருந்தேன். யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

எழுந்து, என் இணைப்பை லெட்சுமிக்குத் தருகிறேன் என்றேன். நாலு பேர் கைதட்டுவார்கள் என்று உள்ளூர ஓர் ஆசையும் இருந்தது. லெட்சுமி கையை நீட்டிப் புத்தகத்தைக் காட்டினார்.

"தர்றேன்னு எழுதாதீங்க ஐயா. என்னோடதுன்னு எழுதுங்க."

அப்படியே எழுதினேன். அடுத்த வாரம் என் வீட்டு வயரைக் கழற்றி அக்கரைக்கு இழுத்தார்கள். ஓய்வு பெறும்வரை எங்களுக்கு மண்ணெண்ணெய் விளக்குத்தான். மனைவி பத்து நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இன்று பெரிய பெரிய மின்திட்டங்கள் போடும் இளையவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். அணையை எப்படியும் கட்டிவிடலாம். யாருடையது என்று எழுதும்போது கதவைப் பார்க்காதீர்கள், ஆளைப் பாருங்கள்.

அந்தக் கூட்டத்துக்குப் பிறகு, நம்பர் இருந்த இடத்திலெல்லாம் மற்றவர்களின் பெயர்களையும் எழுத அவரவர் கையெழுத்து வேண்டியிருந்தது. புத்தகத்தோடு லயம் லயமாகப் போனேன். முதல் கதவிலேயே ஒரு பெண் உள்ளே பார்த்துப் புருஷனைக் கூப்பிட்டுவிட்டு, என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"பேர எழுதிட்டு லெட்சுமிய மாதிரி எங்களையும் காம்பராவ விட்டு எழுப்பப் போறீங்களாங்க?"

அந்த ஒரு வீட்டில் கையெழுத்து வாங்க நான் மூன்று தடவை போக வேண்டியிருந்தது.