பெத்ரோனாவுக்கு ஒரு மேசை

சிமோஹோவெல் ஊர்க்காரி பெத்ரோனா இருபத்திரண்டு வருடமாக மலைச் சுரங்கத்துக்குள் மண்டிபோட்டு, தேன்நிற அம்பர் தோண்டுகிறவள். முட்டி தேய்ந்ததுதான் மிச்சம். சான் கிறிஸ்தோபல் நகரத்துக் கனிமச் சந்தையில் இந்த வருடமாவது கூரைக்கடியில் மேசை கிடைக்கும் என்று வந்தாள். மேசை ஒதுக்கும் இன்ஜினியர் வாசலிலேயே மறித்தார்.

"அம்பர் மரத்துப் பிசின்மா. உயிருள்ளதுல இருந்து வந்தது கனிமம் ஆகாது. உள்ளுக்குள்ள அணுவெல்லாம் வரிசையா அடுக்கியிருக்கணும், அதுவும் இதுல இல்ல."

"உளி வச்சு ஒடைக்கிறது நானு! அந்தா, உப்பு விக்கிறவனுக்கு மட்டும் மேசையா?"

"உப்பு கனிமம்மா. தானா உறைஞ்ச பனிக்கட்டிகூட கனிமந்தான்."

"நல்லாருக்குய்யா உங்க நியாயம்! உருகி ஓடுறது கனிமம், என் அம்பர் பிசினு!"

தலையிலடித்துக்கொண்டு வெளியே மரத்தடியில் துணி விரித்தாள். மதியம் ஆலங்கட்டி மழை கொட்டியது. அம்பரை மடியில் வாரிக் கட்டினாள். சோள ரொட்டித் தட்டு நிறைய ஆலங்கட்டி பொறுக்கி, சொட்டச் சொட்ட நனைந்தபடி இன்ஜினியர் முன்னால் வைத்தாள்.

"இது கனிமந்தானே?"

அவர் தட்டைப் பார்த்தார். "ஆமா" என்றார்.

"அப்ப மேசையக் காட்டுங்க. சரக்கு உருகுது."

அவர் பெருமூச்சு விட்டு, உப்புக்காரனைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொன்னார்.