கோரமண்டல் பாறையில் கள்ளிமுளையான்

செடி எண்ணப் போகிறவன் தண்ணீர் பாட்டிலோடு ஒரு பதிலையும் எடுத்துக்கொண்டு போக வேண்டும். வழியில் பார்க்கிற எல்லாரும் கேட்பார்கள். என்னைப் போல வெயிலில் குனிந்து எண்ணிப் பிழைக்கிற சகோதரர்களே, உங்களுக்குத் தெரியாததா?

நான் எண்ணுவது கள்ளிமுளையான். விரல் தடிமனில், நாலு பட்டையாக, இலையே இல்லாமல் பாறை இடுக்கில் நிற்கும் சதைப்பற்றுச் செடி. கோலார் தங்கவயலைச் சுற்றி அது இன்னும் எந்தெந்தப் பாறையில் உயிரோடு இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல, ஒரு தொண்டு நிறுவனம் என்னை வைத்திருக்கிறது.

டேப் பிடித்தவன்

தங்கவயலில் சாம்பியன் ரீப்ஸ் பக்கம் ஒரு பாறைக் கரட்டில் டேப் பிடித்து அளந்துகொண்டிருந்தேன். எங்கள் ஊரில் டேப்போடு ஒருத்தன் தரையைப் பார்த்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். மூடிப்போன தங்கச் சுரங்கத்தில் ஷிப்ட் பார்த்த பெரியவர் ஒருவர் மூச்சு வாங்க மேலே ஏறி வந்துவிட்டார். "இன்னா தம்பி, மைன் தொறக்கறாங்களா? சர்வேயா?"

"இல்லீங்க தாத்தா, செடி எண்றேன்" என்றேன். எந்தச் செடி என்று கேட்டார். காட்டினேன். சின்ன வயசில் உப்பு தொட்டுத் தின்றதுதான் என்றார். அது குறைந்துபோய்விட்டது, எத்தனை மிச்சம் என்று தெரிந்தால்தானே காப்பாற்ற முடியும் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, இறங்கத் திரும்பியவர் சொன்னார்:

"மைன மூடனப்போ எங்கள எண்ண ஒருத்தனும் வரல. போவட்டும், செடிக்காவது ஆள் வந்தானே."

ஜல்லி

நந்திதுர்க் சுரங்கம் தாண்டி ஒரு பாறை. போன மழைக்கு அங்கே செடி கருஞ்சிவப்பாய்ப் பூத்துக் கிடந்தது. பூவில் ஈ மொய்த்ததைப் போட்டோ எடுத்து பெங்களூரில் இருக்கும் எங்கள் நிறுவனத்து வசந்தி மேடத்துக்கு அனுப்பியிருந்தேன். இந்த மழைக்குப் போனால் பாறை இருந்த இடத்தில் பள்ளம். பள்ளத்தில் தண்ணீர். ஒருவேளை வழி மாறிவிட்டேனோ என்று கொஞ்ச நேரம் சுற்றிச் சுற்றி வந்தேன். மேடத்துக்கு போன் போட்டேன். நாடு முழுக்கப் பார்த்தால் இது கவலைப்படும் நிலையில் இருக்கிற செடி இல்லை, அதனால் யாரும் அவசரப்பட மாட்டார்கள், நீ சுற்றிலும் தேடு என்றார்.

லாரி ஓரமாக நின்ற குவாரி வாட்ச்மேன் என் தேடலைப் பார்த்துக்கொண்டே பீடி பற்றவைத்தார்.

"பாறையே போயி ரோடு ஆயிடுச்சு சார். செடி இன்னா, ஜல்லி மேலயா குந்திகினு இருக்கும்?"

மூட்டை

அடுத்த கரட்டில் எனக்கு முன்பே ஒருத்தி குனிந்திருந்தாள். ஆந்திரா பக்கத்திலிருந்து வந்தவள்; கையில் கடப்பாரை, இடுப்பில் சாக்கு. இந்தச் செடியை அவள் ஊரில் முயல் கொம்பு என்பார்களாம். ஏஜெண்டு வாங்கிப்போய் உடம்பு இளைக்கிற மருந்துக்கு அனுப்புகிறான். "அக்கா, வேரை விட்டுட்டு மேல கிள்ளுங்க, திரும்பத் தழைக்கும்" என்றேன். வேரோடு போட்டால்தான் தராசு இறங்கும் என்றாள். கோபமில்லை. எனக்கும் ஒரு துண்டு ஒடித்துக் கொடுத்தாள். கசந்தது.

"இத தின்னா பசிக்காதுன்னு டவுன்ல இருக்கறவங்க வாங்கறாங்க. நாங்க பசிக்குதேன்னு புடுங்கறோம். நீ யாரப்பா நடுவுல?"

சுத்தம்

மிஞ்சியது கோரமண்டல் ரயில் ஸ்டேஷனுக்குப் பின்னால் இருக்கும் பாறை. அங்கே முட்புதர்களுக்குள்ளே நன்றாகத் தழைத்துக் காய் பிடித்திருந்தது. காய் வெடித்துப் பஞ்சோடு விதை பறப்பதற்கு முன் கொஞ்சம் எடுத்து, வேலி போட்ட வேறொரு பாறையில் விதைப்பது என்று மேடம் முடிவு செய்தார். அதுவரை செடி நின்றால் போதும். சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஃபாதரிடம் அனுமதி கேட்டு, பாறையைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று எல்லார் முன்னாலும் பேசினேன். ஸ்டெல்லா அக்கா உடனே கை தூக்கினார். தினமும் காலை ரயிலில் பெங்களூர் வேலைக்குப் போய் வருகிறவர். சர்ச்சில் எந்த வேலை என்றாலும் அவர்தான். அந்த நம்பிக்கையில் மேடம் சொன்ன வேறு தாலுகாவுக்குப் போய்விட்டேன்.

கல்லறைத் திருநாள் முடிந்து திரும்பி வந்தேன். எங்கள் ஊரில் அந்த நாளுக்குக் கல்லறைகளைச் சுற்றிப் புல் பிடுங்கி, முள் வெட்டி, சுண்ணாம்பு அடித்து, மெழுகுவத்தி ஏற்றுவோம். அக்கா அதே ஆட்களைக் கூட்டிப் பாறைக்கும் அதையே செய்திருந்தார். சுற்றிலும் வெள்ளையடித்த கற்கள். ஒரு புதர் இல்லை. கள்ளிமுளையானுக்கு முள் கிடையாது. பக்கத்துப் புதரின் முள்தான் அதற்கு வேலி, அதன் நிழல்தான் கூரை. ஆடுகள் காயோடு நுனியை மேய்ந்திருந்தன. மிச்சத் தண்டுகள் வெயிலில் செங்கல் நிறத்தில் வதங்கிக் கிடந்தன. அக்கா லீவு போட்டு வந்து என் பக்கத்தில் நின்றார். கையெல்லாம் முள் கீறல்.

"எங்கப்பா கல்லறையக்கூட இவ்ளோ சுத்தமா வெச்சதில்ல தம்பி. நல்லாருக்குல்ல?"

ஒன்று

சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் சொல்லாவிட்டால் அடுத்த வருஷமும் வெட்டுவார்கள். வெட்டியது அந்தச் செடியின் வேலியை என்று மெதுவாகச் சொன்னேன். அக்கா வெள்ளைக் கற்களைப் பார்த்தார். பிறகு கீழே குவித்து வைத்திருந்த முள்ளை அவரே இழுத்துக்கொண்டு ஏறினார். நானும் இழுத்தேன். புடவை கிழிந்ததை அவர் கவனிக்கவில்லை. ஒரு வெடிப்புக்குள்ளே பச்சையாய் ஒரே ஒரு தண்டு நின்றது. அதில் காய் இல்லை. அதன்மேல் முள்ளைப் பரப்பி, காற்றில் பறக்காமல் வெள்ளைக் கல்லைத் தூக்கி வைத்தோம். துணைக்கு இன்னொன்று இல்லாத செடி பூக்கும், காய்ப்பது அரிது. இதை மட்டும் நான் அவரிடம் சொல்லவில்லை.

இறங்குவதற்கு முன்னால் கேட்டார்:

"ஒண்ணே ஒண்ணு நிக்குதுன்னா, உங்க மேடத்துக்கு இன்னான்னு சொல்லுவ தம்பி? இருக்குதுன்னுவியா, இல்லன்னுவியா?"

எண்ணுகிற வேலையில் எல்லாவற்றையும்விடக் கஷ்டமான எண் 'ஒன்று'தான் என்பதை, சகோதரர்களே, பயிற்சி வகுப்பில் யாரும் நமக்குச் சொல்லித் தருவதில்லை.