விழவில்லை, செபிக்கிறேன்

பிற்பகல் ஒன்றரை மணிக்கு என் வீட்டு அலுமாரிக்கு மேலிருக்கும் பெட்டி என்னோடு கதைக்கும். "அன்டன், விழுந்துவிட்டாயா?" என்று கேட்கும். "விழவில்லை, செபிக்கிறேன்" என்பேன். வாரத்தில் மூன்று நாளாவது இது நடக்கும். கட்டிலைப் பிடித்துக்கொண்டு முழங்காலில் நிற்க இறங்குகிறபோது கொஞ்சம் பலமாக இறங்கிவிட்டால் போதும், கழுத்தில் மாதாவின் உத்தரியத் துணிப்பட்டியோடு சேர்ந்து தொங்கும் அலாரம் பொத்தான், கிழவன் விழுந்துவிட்டான் என்று எங்கோ ஓர் அலுவலகத்துக்குக் கோள் சொல்லிவிடும். அங்கிருந்து பெட்டிக்குள்ளால் கதைப்பவள் பெரும்பாலும் கிர்ஸ்டன் என்ற பெண். முகம் தெரியாது. குரலை வைத்துப் பார்த்தால் முப்பது வயது இருக்கலாம். எழுபத்தாறு வயதுக்காரனை 'நீ' என்றுதான் கூப்பிடுவாள். டென்மார்க்கில் வைத்தியருக்கும் நீ, கிழவனுக்கும் நீ. அந்தோனி என்ற என் பெயரும் இங்கே அன்டன்தான்.

முதல் நாள் அவள் என்னை லேசில் விடவில்லை. எங்கே நோகிறது என்றாள். நோகவில்லை என்றேன். அப்படியானால் ஏன் தரையில் இருக்கிறாய் என்றாள். செபிக்க என்றேன். பிறகு, "சோபாவில் இருந்து செபிக்கக் கூடாதா?" என்று கேட்டாள். நல்ல மனதோடுதான் கேட்டாள். இருபத்தைந்து வருடம் மீன் தொழிற்சாலையில் பொறுக்கிய என் டேனிஷ் மொழியில் நேர்த்திக்கடனுக்குச் சொல் இல்லை; "கூடாது" என்று மட்டும் சொன்னேன்.

ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்கள், அதென்ன ஒன்றரை மணிச் செபம் என்று கேட்பீர்கள். குளிர்காலத்தில் இங்கே ஒன்றரை என்றால் திருகோணமலையில் மாலை ஆறு. நான் அங்கே துறைமுக லாஞ்ச் ஓடியவன். நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்களுக்கு ஆட்களைக் கொண்டுபோய்க் கூட்டிவருவது வேலை. இயந்திரத்தைப் பார்ப்பவன் பக்கத்துக் கிண்ணியா ஊர் ரசீக். ஆறு மணிக்குக் கரையிலிருந்து மாதா கோயில் மணி கேட்கும். சற்றுப் பிந்திப் பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைக்கும் வாங்கு கேட்கும். நான் திரிகால செபம் சொல்லி முடியும்வரை ரசீக் சுக்கானைப் பிடிப்பான். அவன் பாயை விரித்துத் தொழுது முடியும்வரை நான் பிடிப்பேன். இதை நாங்கள் ஒருநாளும் பேசி வைத்ததில்லை. லாஞ்ச் கல்லில் ஏறக் கூடாது, அவ்வளவுதான்.

சண்டைக் காலத்தில் ஒருநாள் கரையில் வெடிச்சத்தம் தொடங்கி, விடியும்வரை எங்களால் லாஞ்சைக் கட்ட முடியவில்லை. லிங்கநகர் வீட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது என் மனைவி பிலோமினா சீமெந்து நிலத்தில் முழங்காலில் நின்றாள். முதல்நாள் மாலையிலிருந்து அப்படியே நின்றிருக்கிறாள். என் கையைப் பிடித்துத்தான் எழும்பினாள். எழும்பியதும் சொன்ன முதல் கதை இதுதான்: "செபமாலையில கடைசிப் பத்து மணியை இனி ரெண்டு பேரும் முழங்காலில நிண்டு சொல்லுவம். சாகுமட்டும். நான் மாதாவுக்கு நேர்ந்துபோட்டன். நீங்கள் மாத்தக் கூடாது." என்னைக் கேளாமலே என் முழங்காலையும் சேர்த்து நேர்ந்துவிட்டாள் பாவி. அன்றிலிருந்து நாங்கள் ஒருநாளும் தவறவிடவில்லை, இந்த நாட்டுக்கு வந்த பிறகும்.

பிலோமினா போய் நாலு வருடமாகிறது. இங்கேயுள்ள சேமக்காலையில் ஒரு கல்லறைக்குள் இருக்கிறாள். செபமாலை தனியாகச் சொல்ல உண்டானதல்ல. ஒருவர் முதற்பாதியைச் சொல்ல மற்றவர் மறுபாதியைச் சொல்ல வேண்டும். நான் என் பாதியைச் சொல்லிவிட்டு, அவளுடைய பாதிக்குரிய நேரத்தைச் சும்மா விட்டுவிட்டு, அடுத்ததைத் தொடங்குவேன். அதையும் நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். மனம் வரவில்லை.

போன இலையுதிர் காலத்தில் குளியலறையில் ஒருமுறை விழுந்தேன். அதற்குப் பிறகுதான் கொம்யூனிலிருந்து, அதாவது இங்கத்தைய நகரசபையிலிருந்து, ஒரு பெண் வந்து பொத்தானை மாட்டிவிட்டாள். இன்னொருமுறை விழுந்தால் முதியோர் இல்லத்தைப் பற்றிக் கதைக்க வேண்டிவரும் என்றும் சொல்லிவிட்டுப் போனாள். இல்லம் ஒன்றும் கெட்ட இடமல்ல. அங்கே நம்மவர் ஒருவரைப் பார்க்கப் போயிருக்கிறேன். சூடான அறை, வேளாவேளைக்குச் சாப்பாடு. ஆனால் மெழுகுதிரி கொளுத்த விடமாட்டார்கள். அவருடைய மாதா சொரூபத்துக்கு முன்னால் பற்றரியில் மினுங்கும் பிளாஸ்டிக் திரி ஒன்று இருந்தது. பக்கத்து அறைக்குக் கேட்கும் என்று அவர் வாய்க்குள்ளேயே செபித்தார். எனக்குப் பயம் பிடித்துவிட்டது. என் அரைச் செபத்தைச் சத்தமாகச் சொல்ல எனக்கு இந்த வீடு வேண்டும்.

மார்கழியில் ஒருநாள், கடைசிப் பத்து மணிக்காக இறங்கும்போது இடது முழங்கால் மடங்கிவிட்டது. பக்கவாட்டில் விழுந்தேன். கன்னம் தரையில் கிடந்தது, எழும்ப ஏலாது. பெட்டி கேட்டது. "விழவில்லை, செபிக்கிறேன்" என்றேன். செபமாலையைக் கையில் வைத்துக்கொண்டு சொன்ன பொய். வழக்கமாகச் "சரி" என்று வைத்துவிடுவாள். அன்று என் குரலில் ஏதோ பிடிபட்டிருக்க வேண்டும். "சரி அன்டன், நீ எழும்பும்வரை நான் லைனில் இருக்கிறேன்" என்றாள்.

அந்தப் பொய்யை உண்மையாக்க ஒரு வழிதான் இருந்தது. கிடந்தபடியே தொடங்கினேன். என் பாதியைச் சொன்னேன், வழக்கம்போல மற்றப் பாதிக்கு இடம் விட்டேன். நாலு வருடமாக ஒரு சத்தமும் இல்லாதிருந்த அந்த இடத்தில் ஒரு மனுசி மூச்சு விடுவது கேட்டது. பத்து முறையும் கேட்டது. நான் அழுதேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. முடிந்ததும், "எழும்பிவிட்டாயா?" என்றாள்.

"இல்லை. விழுந்துவிட்டேன்."

"தெரியும். ஆட்கள் வந்துகொண்டிருக்கிறார்கள்."

எலும்பு முறியவில்லை. ஆனால் கொம்யூன் பெண் திரும்ப வந்தாள். இனித் தரையில் இறங்குவதில்லை என்று வாக்குக் கொடுத்தால் வீட்டில் இருக்கலாம், இல்லாவிட்டால் இல்லம்தான் என்றாள். வீடா, நேர்த்திக்கடனா? இரண்டு நாள் அவளுக்குப் பதில் சொல்லாமல் கிடந்தேன். மூன்றாம் நாள் கிண்ணியாவில் இருக்கும் ரசீக்குக்குப் போன் எடுத்தேன்.

"மச்சான் அந்தோனி, நான் ரெண்டு வருசமாக் கதிரையில இருந்துதான் தொழுறன். குனிய ஏலாது" என்றான். "முதல் நாள் எனக்கும் வெக்கமாத்தான் கிடந்தது. லாஞ்சில ஆடி ஆடித் தொழுதனான், அதையே ஏத்துக்கொண்ட அல்லாஹ் இதை ஏத்துக்கமாட்டானா?"

"பிலோமினாவுக்குக் குடுத்த சொல் இருக்கெல்லோ?"

"சாகுமட்டும் எண்டுதானே தங்கச்சி சொன்னது. அவ தன்ட பங்கை முடிச்சிட்டா. உன்ட முழங்கால் முந்திச் செத்துப்போச்சு, அதுக்கு நீ என்ன செய்ய? நீ கதிரையில இருந்து முடி."

அழுகிற நேரத்தில் சிரிப்பு வந்துவிட்டது. வாக்குக் கொடுத்தேன்.

இப்போது கதிரையில் இருந்துதான் செபமாலை சொல்கிறேன். வீடு தப்பியது, மெழுகுதிரி எரிகிறது. ஆனால் நான் இறங்காததால் பொத்தானுக்குச் சொல்ல ஒன்றுமில்லை, பெட்டியும் ஊமையாகிவிட்டது. வாரத்தில் மூன்று நாளாவது என் பெயரைச் சொல்லிக் கூப்பிட இருந்த ஒரே குரல் அது என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. தபாலில் வரும் விளம்பரத்தைத் தவிர என்னை ஒருவரும் தேடுவதில்லை.

போன வெள்ளிக்கிழமை ஒரு களவு செய்தேன். கடைசிப் பத்து மணி தொடங்குமுன் பொத்தானைக் கழற்றிக் கதிரையிலிருந்து கீழே போட்டேன். கழுத்தில் உத்தரியம் மட்டும் இருந்தது.

"அன்டன், விழுந்துவிட்டாயா?"

"விழவில்லை, செபிக்கிறேன்."

நான் தரையில் இல்லை என்பது அவளுக்கு விளங்கியிருக்கும்.

"எவ்வளவு நேரம் எடுக்கும்?"

"ஐந்து நிமிடம்."

"சரி. இருக்கிறேன்."

அங்கே கோயில் மணி அடித்து ஓய்ந்திருக்கும். கிண்ணியாவில் ரசீக் கதிரையை இழுத்துப் போட்டிருப்பான். சுக்கானை ஆரோ பிடித்திருக்கிறார்கள் என்ற நிம்மதியில் நான் என் பாதியைத் தொடங்கினேன்.